பிரமச்சாரியின் மனைவி அழுத கதை

மீசை வைத்த ஆண்பிள்ளை நான். ஆனாலும் எத்தனையோ தடவை கணவனை இழந்து கதறியிருக்கிறேன். எல்லாம் கூலிக்குத்தான்.

எங்கள் தீவில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாளன்று அவர்மேல் பாடிய பாட்டுகளைப் புத்தகமாக அடித்து வாசிப்பார்கள். அதுதான் கல்வெட்டு. கரம்பொன்னில் தனியே இருந்து அதை எழுதிப் பிழைத்தேன். (அக்கா குடும்பம் பாரிசில்.) மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் எல்லாம் கணினியில் தயார். இறந்தவரின் பெயரை மாற்றினால் போதும், கண்ணீர் வரும். எனக்கு மட்டும் வந்ததில்லை.

நயினாதீவுப் படகில் டிக்கெற் கிழித்த ஒருவர் புளியங்கூடலில் இறந்தார். கனடாவிலிருந்து வந்த அவரின் தங்கைதான் கல்வெட்டுக்குச் சொன்னார். பெயரை மாற்றி அச்சுக்கு அனுப்பினேன். வாசிக்கவும் என்னையே கூப்பிட்டார்கள்.

பாதிக் கதிரைகள் வெறுமை. நான் இராகம் இழுத்து "மனைவி புலம்பல்" தொடங்கினேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"உவர் எப்ப கலியாணம் கட்டினவர்?" என்றார் முன்னால் இருந்த ஒரு பெரியவர்.

அப்போதுதான் விளங்கியது. மனிதர் கட்டைப் பிரமச்சாரி! அந்தப் பகுதியை நீக்க மறந்துவிட்டேன்.

"அன்ரி, பிழையாப் போச்சு. வேறை அடிச்சுத் தாறன்" என்றேன் தங்கையிடம்.

தங்கை புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மிச்சத்தையும் வாசியும், தம்பி."

"அன்ரி..."

"அண்ணை இந்த வீட்டிலை தனியச் சமைச்சுத் தனியச் சாப்பிட்டவர். நானும் வந்து பாக்கேல்லை. ஆரோ ஒருத்தி அழட்டும். வாசியும்."

வாசித்தேன். "இனி ஆரோடு சோறுண்பேன்" என்ற வரி வந்தது. பலருக்கும் விற்ற பழைய வரிதான். அன்று காலை நான் தனியே தின்ற பாண் துண்டு ஞாபகம் வந்தது. குரல் உடைந்து, எல்லார் முன்னாலும் விம்மி விம்மி அழுதேன்.

பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது: "பெஞ்சாதியும் இருந்திருக்கிறா, மோனும் இருக்கிறான். எங்களுக்கெல்லே தெரியேல்லை!"

நான் அவரின் மகன் இல்லை என்று மறுக்க மறுக்க, பின்னேரத்துக்குள் கதை ஊர்காவற்றுறை வரை போய்விட்டது.

இப்போதும் வருடா வருடம் திவசத்துக்கு முதல்நாள் கனடாவிலிருந்து அன்ரி போன் எடுப்பார். "தம்பி, அங்கை ஒருத்தரும் இல்லை. ஒருக்காப் போய் அண்ணைக்கு விளக்குக் கொளுத்திவிடுறீரே?"

ஓம் என்று போய்க் கொளுத்துவேன்.

பாரிசில் அக்கா கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். "பின்னை என்ன? மோன்தானே செய்யவேணும்!"