தலைமைச் சேவல்

தையல்காரர் முட்டைக்கு ஆசைப்பட்டுத்தான் ஐந்து குஞ்சு வாங்கினார். ஐந்தும் பெட்டை என்று விற்றவன் தலையிலடித்துச் சத்தியம் செய்தான். நாலே மாதத்தில் ஐந்தும் கொண்டை சிலிர்த்துக் கூவின. "முட்டை எப்ப போடுமாம்?" என்று மனைவி தினமும் விசாரித்தாள். மனுஷனுக்கு அசடு வழிந்தது. ஆனால் அதற்குள் பாசம் ஒட்டிக்கொண்டதே, என்ன செய்ய!

சும்மா சொல்லக்கூடாது, தங்கமான சேவல்கள். கொல்லையில் ஒரே வேலிக்குள், ஒரே நீளத் தொட்டியில், வரிசையாக நின்று தின்றன. ஒரு கொத்து, ஒரு கீறல் கிடையாது.

இது பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. 'ஐந்து சேவல்கள் சண்டையிடாமல் வாழ்வது பலத்த சந்தேகத்துக்கு இடமளிக்கிறது' என்று மனு எழுதிப் போட்டார். கோழி ஆய்வாளர் பையும் படிவமுமாக வந்து இறங்கினார்.

"சண்டை போடுதா?"

"இல்லீங்க சார்."

"ஏன் போடல?"

"போடணுமா சார்?"

"போடணும்னு விதி இல்லை. ஆனா அமைதிக்கு யாராவது பொறுப்பேத்துக்கணுமே! ஏழாவது கட்டம், தலைமைச் சேவல். எது?"

"அப்படி எதுவும் இல்லீங்க."

ஆய்வாளருக்கு வியர்த்துவிட்டது. "தலைமை இல்லாம அமைதியா? வெளியில சொல்லாதீங்க. ஏழு நாளைக்குள்ள ஒண்ணை நியமிக்கணும். இல்லேன்னா அஞ்சும் பொது ஏலத்துக்குப் போயிடும்."

பொது ஏலத்தில் எடுப்பவர் தெருமுனைக் கறிக்கடைக்காரர் ஒருவர்தான்.

தையல்காரர் இருப்பதிலேயே மந்தமான சேவலைத் தேர்ந்தெடுத்தார். தலைமைக்கு அதுவே உரிய தகுதி என்று ஆய்வாளரும் ஆமோதித்தார். விதிப்படி காலில் சிவப்பு ரிப்பன், தனித் தட்டு, உட்கார ஒரு ஸ்டூல். மந்தம் ஸ்டூலில் ஏறியது. கீழே பார்த்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு கூவியது. மற்ற நான்கும் பிறந்ததிலிருந்து முதல்முறையாக அண்ணாந்து பார்த்தன.

மத்தியானத்துக்குள் கொல்லையெல்லாம் இறகு. மந்தத்துக்குப் பாதிக் கொண்டை போயிற்று. "ஐயோ, என் பிள்ளைங்களை நானே கெடுத்துட்டேனே!" என்று தையல்காரர் வாய்விட்டே அழுதார்.

"அழுதது போதும், வழிவிடுங்க" என்று மனைவி உள்ளே புகுந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் நாலு ரிப்பன் தைத்து மற்ற நாலின் காலிலும் கட்டினார். ரெண்டே நாளில் தொட்டியில் பழையபடி வரிசை.

ஏழாம் நாள் ஆய்வாளர் வந்தார். "இதுல எது தலைமை?"

"அஞ்சும்தான்" என்றாள் மனைவி.

அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏழாவது கட்டத்தில் 'ஒன்று மட்டும்' என்று எங்கேயும் இல்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டு பேனாவை நீட்டினார். "சரி, குடும்பத் தலைவர் கையெழுத்துப் போடுங்க. இங்க 'ஒருவர் மட்டும்'னு தெளிவா இருக்கு."

இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. பேனாவை நோக்கி இரண்டு கைகள் நீண்டன.

"ரிப்பன் தைச்சது யாரு?"

"ஸ்டூலைத் தூக்கினது யாரு?"

"குஞ்சு வாங்கினது நான்தானே!"

"ஆமா, முட்டைக்குச் சேவல் வாங்கின மகராசன்!"

பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் தலையை வைத்து நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சேவல்கள் தின்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தன. ஆய்வாளர் எழுதினார்: 'சேவல்கள் அமைதி காக்கின்றன. வளர்ப்போரை ஒரே கூரையின்கீழ் வைப்பது குறித்து மேலிடம் முடிவு செய்யலாம்.'

மேலிடத்தில் இன்னும் முடிவாகவில்லை. அங்கே தலைமை அதிகாரி மாற்றலாகிப் போய் நாற்காலி காலி. முடிவு வரும்வரை ஏலமும் கிடையாது என்பதால் சேவல்கள் சுகம். புருஷனும் பெண்டாட்டியும் பத்து நாள் ஜாடையிலேயே குடித்தனம் நடத்தினார்கள்.

பதினோராம் நாள் அந்த அலுவலகத்திலிருந்து மூன்று சட்டைகள் தைக்க வந்தன. காலர் பிய்ந்து, பொத்தான் தெறித்து, ஒரு கையே இல்லாமல். ஒன்று ஆய்வாளருடையது.

மனைவி எட்டிப் பார்த்தாள். பத்து நாள் மௌனம் அத்தோடு கலைந்தது.

"தைச்சு என்னங்க பிரயோஜனம்? முதல்ல அந்த நாற்காலியைத் தூக்கச் சொல்லுங்க."