வீட்டுக்குள் ஒரு தபால் ஆபீஸ்

"யாரு புடுங்கினது?" என்று குழாய்க்காரர் கூடத்தின் நடுவில் நின்று கேட்டார். வீட்டில் இருந்தது இரண்டே பேர். அதில் ஒருவர் அவர்.

"நாந்தான். சட்டை தேய்க்க வேணாமா? கூடத்துல இருக்கறதே ஒரு பிளக்கு" என்றாள் மனைவி, தலையை நிமிர்த்தாமல்.

"அது சர்வர்டி. அணைக்கவே கூடாது. எந்த நேரத்துல கடுதாசி வரும்னு யாருக்குத் தெரியும்?"

"ஆமா, உங்களுக்குக் கடுதாசி போட ஊரே வரிசைல நிக்குது."

அவர் சர்வரின் வயரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். அவருக்குக் கடிதம் போட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தது. அந்த ஆள் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

அந்த ஆள் அவருடைய மகள். வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் லீவில் வந்தவள், மேசையில் உட்கார்ந்து ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். இவர் டீயோடு பின்னால் போய் நின்றார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியவர். எதைக் கண்டாலும் வாசித்துவிடுகிற ஆசை அப்போது புதுசு. அதையும் வாசித்தார். 'தந்தையின் தொழில்: கான்ட்ராக்டர்.'

"நான் கான்ட்ராக்டரா? அடுத்தவன் சாக்கடைல கைய விட்டு உன்னப் படிக்க வச்சேன். அந்த நாத்தம் அவ்வளவு தூரத்துக்கும் அடிக்குதோ?"

"அப்பா, அது ஸ்கூல்லேர்ந்தே..."

"பேசாத. அப்பன எழுதக் கூசுறவ இந்த வாசப்படிய மிதிக்க வேணாம்."

அவள் அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டினாள். டீ மேசையிலேயே ஆறிப்போனது. எழுத்துத் தெரியாதவராகவே இருந்திருந்தால் அன்றைக்கு டீயைக் கொடுத்துவிட்டு வந்திருப்பார். படித்ததனால் அவருக்குக் கிடைத்த முதல் பலன் அதுதான்.

இந்த வருஷம் மனசு இளகியது. கடிதம் எழுதலாம் என்று போனால், மகள் திறந்து கொடுத்திருந்த இமெயிலின் பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது. பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடைக்காரரிடம் போனார்.

"ஒண்ணும் பிரச்சனையில்லண்ணே. உங்க மக நம்பருக்கு ஆறு இலக்கத்துல ஒரு கோடு போகும். ஒரு போனப் போட்டு அதக் கேளுங்க."

"வேற வழி சொல்லு."

"புதுசா ஒண்ணு திறங்க."

"அதுவும் அடுத்தவன் வீடுதான? சாவி எவங்கிட்டயோ இருக்கும்."

"அப்ப வீட்டுலயே சொந்தமா ஒரு தபால் ஆபீஸ் கட்டிக்க வேண்டியதுதான்" என்று கடைக்காரர் சிரித்தார்.

குழாய்க்காரர் சிரிக்கவில்லை. "கட்ட என்னென்ன வேணும்?" என்று கேட்டார். மகளிடம் ஆறு இலக்கம் கேட்க வாய் வராத மனிதர், அப்படித்தான் தபால் ஆபீஸ் கட்ட இறங்கினார். கடையின் கழிவறைக்குக் குழாய் மாற்றிக் கொடுத்ததற்குக் கூலியாக ஒரு பழைய கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. இமெயில் வாங்கி அனுப்பும் சர்வர் இனி அதுதான்.

நாலு ஞாயிற்றுக்கிழமை போனது. கடைக்காரர் நோட்டில் எழுதிக் கொடுத்த வரிகளை ஒற்றை விரலால், மூச்சை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். ஒரு புள்ளி விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து. ஆனால் சங்கதி அவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. உள்ளே வர ஒரு லைன், வெளியே போக ஒரு லைன், நடுவில் வால்வு. இதைத்தானே முப்பது வருஷமாகச் செய்கிறார்!

முகவரிக்கு என்ன பெயர் வைக்க என்று கடைக்காரர் கேட்டார். "பிளம்பர்னே வை" என்றார். யாருக்கோ உறைக்கட்டும் என்று.

கூடவே ஒரு வெப்சைட்டும் வைத்தார். ஒரே பக்கம். ஒரு குழாய்ப் படம். கீழே 'எல்லாவிதக் குழாய் வேலைகளும் செய்து தரப்படும்.' எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஓரத்தில் ஓர் எண் ஓடும்.

"தெனமும் ஒரே ஒருத்தர் வந்து பாக்கறாங்க தம்பி."

"அது மனுஷன் இல்லண்ணே. ரோபோ. அதுக்கு வேற வேலை கிடையாது."

மனைவி பிளக்கைப் பிடுங்கியது இந்தக் கட்டத்தில்தான். அதற்கு மாற்றாக ஒரு பழைய பேட்டரிப் பெட்டியை வாங்கி வந்து சொருகினார். மின்சாரம் கண்ணடித்தால் போதும், அது 'கீ கீ' என்று கத்தியது. கீழ்வீட்டு அம்மா மாடியேறி வந்தாள்.

"யாருக்கு உடம்பு முடியல? ஆஸ்பத்திரி மிஷின் சத்தம் கேக்குதே."

"இவருக்குத்தான், மூளைல" என்றாள் மனைவி.

சத்தம் கேட்காமலிருக்கப் பெட்டிகள் இரண்டையும் அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். இரண்டாம் நாள் அலமாரியைத் திறந்தால் அடுப்படி மாதிரி காந்தியது. சூடு என்றால் தண்ணீர். தண்ணீர் என்றால் அவர். செம்புக் குழாயைச் சுருட்டி, கம்ப்யூட்டரின் முதுகில் கட்டி, பாத்ரூம் லைனிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஓட விட்டார். கம்ப்யூட்டர் குளிர்ந்தது. மூன்றாம் நாள் கீழ்வீட்டுக் கூரை நனைந்தது.

கசிவுக்கு ஒட்டுப்போட்டுவிட்டு முதல் கடிதத்தை மகளுக்கு அனுப்பினார். 'சோதனை.' அவ்வளவுதான். பதில் இல்லை. 'சோதனை இரண்டு. வந்தால் சொல்.' அதற்கும் இல்லை. மறுநாள் வேலையிடத்தில் மேஸ்திரியின் முகவரியை வாங்கி, அவருக்கும் ஒன்று போட்டார்.

"வந்துச்சா மேஸ்திரி?"

மேஸ்திரி போனைத் திறந்தார். 'மெயில் பெட்டியில் இடம் நிறைந்துவிட்டது' என்று சிவப்பாக ஒன்று வந்து நின்றது. மாசக்கணக்காக அதைத் தள்ளிவிட்டே பழகிய கட்டைவிரல் இப்போதும் தள்ளிவிட்டது. "ஒண்ணும் வரலியேப்பா."

அன்று சாயங்காலம் மேஸ்திரிக்குப் போட்ட கடிதம் இங்கிலீஷில் நாலு வரியோடு திரும்பி வந்து கிடந்தது. கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"திரும்பி வந்தா போகலன்னு அர்த்தம்ணே" என்றார் அவர், வாடிக்கையாளர் யாருக்கோ பையை நீட்டிக்கொண்டே.

குழாய்க்காரருக்கு அது போதும். ஒரு பொந்தில் தண்ணீர் திரும்பி மேலே வந்தால், அந்த வீட்டு மெயின் லைனே அடைப்பு. முப்பது வருஷத்தில் இந்தக் கணக்கு ஒருநாளும் தவறியதில்லை. மகளுக்குப் போட்டது எதுவும் திரும்பி வரவில்லையே என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகும் அவர் தினமும் மகள் முகவரிக்கே போட்டுக்கொண்டிருந்தார். அடைப்பு எப்போது விடும் என்று பார்க்க வேண்டும் அல்லவா? வேலை விட்டு வந்து, கை கழுவி, குளிக்கப் போகுமுன் ஒன்று. போகாத கடிதத்தில் எதையும் எழுதலாம். ஐந்தாவதில் திட்டினார். ஏழாவதில், அவள் போன அன்று ஆறிப்போன டீயைத் தானே குடித்ததாக எழுதினார். ஒன்பதாவதில் முதுகுவலியைப் பற்றி, மனைவிக்கே தெரியாத டாக்டர் சீட்டைப் பற்றி எழுதினார். பதினோராவது இப்படி இருந்தது:

'சோதனை பதினொன்று. உன்னை முதல் வகுப்பில் சேர்த்த அன்று ஆபீஸ் ரூமில் அப்பா தொழில் என்ன என்று கேட்டார்கள். எனக்கு முன்னால் நின்றவர் பாங்கி மானேஜர் என்றார். எனக்குக் குழாய் என்று வாய் வரவில்லை. கான்ட்ராக்டர் என்று சொன்னது நான்தான். என்ன எழுதினார்கள் என்று வாசிக்கக்கூட அப்போது எனக்குத் தெரியாது. நீ அதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாய். இத்தனை நாள் எனக்கு இது மறந்துபோனதாக நானே நம்பிக்கொண்டிருந்தேன். பொய் என்னுடையது. வீட்டை விட்டுப் போனது நீ.'

அனுப்பும் பொத்தானை அமுக்கிவிட்டு, மூக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

அந்த வாரத்திலிருந்து மனைவியின் போக்கு மாறியது. இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்த் தேய்த்தாள். சர்வரின் மேல் தூசி தட்டினாள். மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால், போனும் கையுமாக அரைமணி நேரம்.

"யார்கிட்ட இவ்வளவு நேரம்?"

"எங்க அக்காகிட்ட."

"கண்ணு ஏன் செவந்திருக்கு?"

"சோப்புத் தூளு."

இன்னொரு நாள் டாக்டர் சீட்டை எங்கிருந்தோ தேடி எடுத்து, மாத்திரையை வாங்கி, சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். சட்டைப் பையைத் துழாவியிருப்பாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கீழ்வீட்டு அம்மா மறுபடி வந்தாள். "கூரைல திட்டுத் திட்டா நிக்குது. அந்தப் பெட்டிய மொதல்ல தூக்கிப் போடச் சொல்லு."

"அத மட்டும் சொல்லாதீங்கக்கா. உங்க கூரைக்கு நானே வந்து வெள்ளையடிச்சுத் தர்றேன். பெட்டி இருக்கட்டும்."

குழாய்க்காரர் இதைக் கேட்டு அசந்துபோனார். பாவம், சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது அவளுக்கு என்று நினைத்தார்.

பதினெட்டாவதோடு அவருக்கும் அலுத்துவிட்டது. வெறும் சுவரிடம் எத்தனை நாள் பேசுவது? நெட் கம்பெனிக்குப் புகார் கொடுத்தார். லைன் மட்டும் சரியாகட்டும். இதையெல்லாம் அழித்துவிட்டு, மரியாதையாக இரண்டே வரி போடுவது என்று முடிவு செய்து தாளில் எழுதியும் வைத்தார். 'நலம். நேரம் இருந்தால் வந்து போகவும்.' அப்பன் எழுதும் கடிதம் அப்படித்தான் இருக்க வேண்டும்.

லைன் ஆள் வருவதாகச் சொன்ன நாளில் காலையிலிருந்தே மழை தூறிக்கொண்டிருந்தது. அன்று பார்த்துச் செம்புக் குழாய் மறுபடி கசிந்தது. மெயின் வால்வை மூடக் கீழே இறங்கிப் போனார். துருப்பிடித்த வால்வு திரும்ப நேரமானது. நனைந்து மேலேறி வந்தபோது வாசலில் புதுச் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. கால் சேற்றைச் சாக்கில் துடைக்கத் தொடங்கினார். உள்ளே பேச்சுக் குரல்.

"இவ்வளவுதானாக்கா? ரெண்டு நிமிஷ வேலை. எங்க அடைப்புன்னு பாத்துச் சொல்லிடறேன். அண்ணன் எங்க?"

"கீழ போயிருக்காரு. அவர் வர்றதுக்குள்ள நான் சொல்றத நீ கேளு." மனைவியின் குரல் தாழ்ந்தது. "பாத்தேன், சரியாகாதுன்னு சொல்லிட்டுக் கெளம்பிடு தம்பி."

"ஏங்க்கா? சரி பண்ணத்தான கூப்பிட்டீங்க?"

மழை கொஞ்சம் வலுத்தது. குழாய்க்காரர் ஒரு காலை வாசற்படிமேல் தூக்கி வைத்தவர், அப்படியே நின்றார்.

"அடைப்பு கிடைப்பு எதுவும் இல்ல தம்பி, பதினெட்டும் எம்மக கைக்கு ஒழுங்காப் போய்ச் சேந்துருச்சு, போகுதுன்னு தெரிஞ்சா இந்த மனுஷன் எழுதறத நிறுத்திடுவாரு."