அக்கரப்பத்தனையில் நான் அளக்காத காணி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர் சொல்வது புரியாவிட்டால் திருப்பிக் கேட்கமாட்டேன், தலையாட்டிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் கணக்குப் பாடத்தில் கோட்டைவிட்டேன். அதைவிடப் பெரிதாகக் கோட்டைவிட்டது இருபத்து நான்கு வயதில், அக்கரப்பத்தனைக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அங்கே என்னைத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்போது தலவாக்கலையில் போன் திருத்தும் கடையொன்றில் வேலை பார்த்தேன். பக்கத்துப் புடவைக்கடை என் கூட்டாளி ரிப்கானுடையது. (அவனுடைய வாப்பாவுடையது. அவன் அப்படிச் சொல்லமாட்டான்.) ஒருநாள் இரண்டு வெள்ளைக்காரர்கள் சைக்கிளில் மூட்டை முடிச்சோடு வந்து, கடைவாசலில் நின்று வாழைப்பழம் தின்றார்கள். மலை மலையாகச் சுற்றி, கண்ட இடத்தில் கூடாரம் அடித்துப் படுப்பதாகச் சொன்னார்கள்.

அவர்கள் போனதும் ரிப்கான் சொன்னான்: "மச்சான், நம்மட மலைய அவனுகள் பாக்கிறானுகள். நாம பாக்கல்ல."

நான் வட்டவளையில் ஒரு லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத் தொழிலாளர் வீட்டில், பிறந்தவன். கதவைத் திறந்தால் மலை, சன்னலைத் திறந்தால் மலை. இன்னும் எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. தலையாட்டினேன்.

இரண்டு வாரத்தில் பழைய கியர் சைக்கிள் இரண்டு, பழைய கூடாரம் ஒன்று, மஞ்சள் மழைக்கோட்டு, தலைக்கவசம் எல்லாம் வந்து சேர்ந்தன. பயணத்தைப் படம்பிடிக்க, போன் பொருத்தும் முக்காலி ஒன்றும் வாங்கினான். பயணக் குறிப்பு எழுத நான் ஒரு கொப்பி வாங்கினேன். மூன்று நாள் திட்டம்.

முதல் நாள் சைக்கிள் எங்களைச் சுமந்ததைவிட நாங்கள் அதைச் சுமந்ததே அதிகம். பகலிலேயே பனிமூட்டம் இறங்கிவிட்டது. மூன்று தரம் திரும்பியும் ஒரே வளைவுக்கு வந்தோம். அல்லது மூன்று வளைவுகள் ஒரே மாதிரி இருந்தன. போனில் எங்களைக் காட்டும் நீலப்புள்ளி ஒரு குளத்துக்கு நடுவில் நின்றது. நாங்கள் நின்றது மேட்டில். இருபத்தெட்டு கிலோமீட்டர் வந்திருப்பதாக மட்டும் அது உறுதியாகச் சொன்னது.

பின்னேரம் ஒரு பொட்டலை அடைந்தோம். சுற்றிலும் ஆளரவம் இல்லை. கூடாரத்தைப் பிரித்தால், அதை நிமிர்த்தும் கம்பிகள் இல்லை. கடையிலேயே விட்டுவிட்டோம். ரிப்கான் கலங்கவில்லை. நான்கு கட்டை வெட்டி நான்கு மூலையில் அடித்தான். புடவைக்கடையிலிருந்து கொண்டுவந்திருந்த சிவப்புக் கயிற்றை அவற்றைச் சுற்றி இழுத்துக் கட்டினான். துணி மட்டும் எழுந்திருக்க மறுத்து நடுவில் படுத்துக்கிடந்தது. அதற்குப் பக்கத்தில் முக்காலியை நிறுத்திவிட்டு, "ராச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிட்டு வாறன்" என்று இறங்கிப் போய்விட்டான்.

மஞ்சள் கோட்டும் தலைக்கவசமுமாக, கையில் கொப்பியோடு நான் தனியே நின்றேன். பனி விலகியது. முப்பது அடி தூரத்தில் ஒரு லயம் இருந்தது.

பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பிய பெண்கள் என்னைப் பார்த்து நின்றார்கள். பிறகு ஆண்கள் வந்தார்கள். அவர்கள் என்னை யாரென்று நினைத்தார்கள் என்பது எனக்குக் கடைசியில்தான் விளங்கியது. உங்களுக்கும் அந்தக் குழப்பம் வேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன். வீடு கட்டக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி, ஒரு சின்ன மனையளவு நிலம், தருவதாக அரசாங்கம் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அல்லவா, அதை அளக்க வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள்.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் பெருமாள் முன்னால் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சார், எம்புட்டு முடிஞ்சிச்சிங்க?"

பயணத்தைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "இருபத்தெட்டு."

"இருபத்தெட்டா? நாங்க நாப்பத்திரெண்டு குடும்பம் இருக்கோமுங்களே."

அதற்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. "மிச்சம் நாளைக்கு," என்றேன். "மழை பெய்யாட்டி."

கூட்டத்தில் ஒரு நிம்மதி பரவியது. செல்வராணி என்ற அக்கா ஓடிப்போய்ச் சுடச்சுட ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் கொண்டுவந்தார். இந்த மலைக்காரர்களின் விருந்தோம்பலே தனி என்று உருகி, மூன்று ரொட்டி தின்றேன். ஒவ்வொருவராக வந்து பெயரைச் சொன்னார்கள். அறிமுகமாகிறார்கள் என்று நினைத்துக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். (பயணக் குறிப்பு அல்லவா.) ஒருவர், "சார், எனக்குக் கொஞ்சம் ரோட்டோரமாப் பாத்துப் போடுங்க" என்றார். தலையாட்டினேன்.

செல்வராணி அக்கா மறுபடியும் வந்தார். இந்த முறை கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மடிப்பில் கிழிந்துபோன கடிதங்கள். அவற்றை என் முன்னால் விரித்து, காற்றில் பறக்காமல் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் சரியா இருக்குங்களா சார்? வீட்டுக்காரர் செத்து மோசம்போயிட்டாரு. எம்பேருல வருமுங்களா?"

ஒன்றும் புரியாமல் கடிதங்களைப் பார்த்தேன். "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதாவது நான் கேட்டிருக்க வேண்டும்.

பெருமாள் கயிறு கட்டிய சதுரத்தைக் காட்டினார். "இது யாருக்குங்க?"

"இந்தப் பாதி எனக்கு. அந்தப் பாதி ரிப்கானுக்கு."

"ரிப்கானா? எந்த லயம்?"

"லயமில்லைங்க. தலவாக்கலையில புடவைக்கடை."

ஒரு பெண் நான்காவது ரொட்டியை என் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். "அளக்க வந்தவருக்கே பாதியாம்" என்று யாரோ சொன்னார்கள். இரண்டு பேர் முக்காலியைத் தூக்கிக்கொண்டார்கள். பெருமாள் தொப்பியை மறுபடி தலையில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து ரிப்கான் பாணோடு வந்து சேர்ந்தான். அவனைச் சுற்றி வளைத்துவிட்டார்கள்.

"ஒங்களுக்கு எதுக்குங்க எங்க தோட்டத்துல காணி?" என்றார் பெருமாள்.

"காணியா? ஒரு ராவு படுத்துட்டுப் போறதுக்கு வந்தனாங்க. இது கூடாரம். கம்பிய மறந்துட்டம்."

"அப்ப இருபத்தெட்டு?"

"சைக்கிள்ள வந்த தூரம்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பெயர்கள் எழுதிய கொப்பி கையில் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. யாராவது இரண்டு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செல்வராணி அக்கா கடிதங்களைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தார். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

"நீங்க எந்த ஊரு?" என்று அக்கா கேட்டார்.

"வட்டவளை. லயத்துலதான். அம்மா கொழுந்து எடுக்கிறாங்க. எங்களுக்கும் இன்னும் காணி வரல்லக்கா."

அவர் பையை இடுப்பில் செருகிக்கொண்டார். "தோட்டத்துப் புள்ளயா நீ? லயத்துக் காம்பராவுக்குள்ள படுத்து அலுத்துப்போயி நாங்க வீடு கேக்குறோம். நீ காம்பராவ விட்டுட்டு பொட்டல்ல துணியக் கட்டிப் படுக்க வந்திருக்கியே. புத்தி கித்தி சரியாத்தான் இருக்கா?"

முதலில் சிரித்தது பெருமாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ரிப்கானும் சிரித்தான், துரோகி. அன்று எங்களை வெளியில் படுக்கவிடவில்லை. செல்வராணி அக்கா தன் ஒற்றை அறைக் காம்பராவைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் படுத்தார். காலையில் கொழுந்து லொறியில் சைக்கிளோடு எங்களை ஏற்றிவிட்டார்கள். மூன்று நாள் பயணம் அத்தோடு முடிந்தது.

வீட்டில் நான் சொல்லவில்லை. ரிப்கான் சொல்லிவிட்டான், நடித்தும் காட்டினான்.

போன வருடம் எங்கள் லயத்துக்கு மெய்யாகவே அளக்க வந்தார்கள். சனம் கடிதங்களோடு ஓடியது. அம்மா மட்டும் படியைவிட்டு எழுந்திருக்கவில்லை. அந்த அதிகாரியின் அடையாள அட்டையை வாங்கி, என்னிடம் நீட்டி, "நீ பாத்துச் சொல்லு. ஒனக்குத்தான் இந்த வேல பழக்கம்" என்றார். அந்த மனிதர் பாவம், ஒன்றும் விளங்காமல் தலையாட்டினார்.

கட்டைகளை நட்டுவிட்டுப் போனவர்கள் இன்னும் திரும்பி வரவில்லை. அம்மா அவற்றுக்கிடையே கொடி கட்டித் துணி காயப்போடுகிறார். யாராவது என்னவென்று கேட்டால், "எம்மகன் படுக்கிற எடம்" என்கிறார்.