முதலாம் வீட்டில் இரண்டு புள்ளி

முதலாம் இலக்க வீட்டுக்கு நேரே இரண்டு புள்ளிகள் இருந்தன.

கணித ஆசிரியர் அபுல் ஹஸன் அடிமட்டத்தைக் கிடையாக வைத்து மறுபடியும் பார்த்தார். சுனாமியில் வீடிழந்த நாற்பது குடும்பம், புதிதாகக் கட்டிய நாற்பது வீடு. யாருக்கு எந்த வீடு என்று பட்டியல் எழுதினால் போதும் என்றது பள்ளிவாசல் கமிட்டி. அவர்தான் வரைபுத்தாள் விரித்தார். கீழே குடும்ப எண், பக்கவாட்டில் வீட்டு எண்.

"கிடைக்கோடு ரெண்டு புள்ளியில தொட்டா ஒரு ஊட்டுக்கு ரெண்டு பேர். ஒண்டுல மட்டும் தொட்டா ஒண்டுக்கொண்டான சார்பு. கள்ளம் செய்ய ஏலா!" என்று பள்ளிவாசல் முன்றலில் அரை மணிநேரம் விளக்கியிருந்தார்.

பணிவுக்காகத் தன் பெயரை நாற்பதாவதாக, கடைசியில் போட்டார். வீட்டை மட்டும் றோட்டோரம், முதலாவதாக எடுத்துக்கொண்டார். அந்தப் புள்ளியை ஒட்டி, பட்டியலிலேயே இல்லாத நாற்பத்தோராம் எண்ணில், இன்னொன்று.

"இத ஆரு புள்ள வெச்ச?"

"நான் தொடல்ல சேர்," என்றாள் பட்டியல் எழுதும் றஹீமா.

அழிறப்பரால் அழித்தார். லுஹர் தொழுதுவிட்டு வந்தால் புள்ளி இருந்தது, சற்றுப் பெரிதாக.

புதுத் தாளில் மையால் வரைந்து அலுமாரியில் பூட்டினார். திறந்தால் அதிலும் இருந்தது, ஈரமாக. தொட்ட விரலை நாக்கில் வைத்தார். உப்பு.

"கடல் கொண்டுபோன ஊடு முனவ்வறா ராத்தாட சீதன ஊடுதானே சேர்? புதிசையும் அவட பேர்லயே போட்டிருக்கலாம்," என்றாள் றஹீமா.

"கடலோட போய் மவுத்தான பொஞ்சாதிக்கு ஊடு என்னத்துக்கு?"

"மையத்துக் கிடைச்சு அடக்கல்லயே."

"வருசம் ஒண்டாகிட்டு! வெள்ளிக்கிழம எனக்கு நிக்காஹ். பொத்துவில் பொம்புளைக்கு ஊடும் இல்ல. மரத்துக்குக் கீழயா வெச்சிரிக்கிற?"

வெளியே வாகனம் நின்றது. திட்ட அதிகாரி, நாற்பது வீட்டுத் திறப்புக்கொத்தோடு. இரண்டு புள்ளியைக் கண்டால் அந்த வீட்டுத் திறப்பைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். அபுல் ஹஸன் பிளேட்டை எடுத்துச் சுரண்டினார். பிளேட்டுக்கடியில் மணல் நெறுநெறுத்தது. கண் வாசலில் இருந்தது.

அதிகாரி நாற்பது கோட்டிலும் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஒரே புள்ளியில் தொட்டது.

"அருமை சேர்! ஒண்டுக்கொண்டு!"

அபுல் ஹஸன் இரண்டு வார்த்தை பேசினார். முடிக்கும்போது மற்ற எல்லாரும் திறப்பு வாங்கிப் போயிருந்தார்கள்.

"காலிதீன், முதலாம் ஊட்டுத் திறப்பு."

திறப்புக் கொடுக்கும் மேசையிலிருந்த காலிதீன் தாளைப் பார்த்தான். "நாப்பதாம் ஆளுக்குப் புள்ளி இல்லயே சேர். நாப்பத்தொண்டுக்குத்தானே இரிக்கி."

அபுல் ஹஸன் குனிந்தார். சுரண்டப்பட்டிருந்தது அவருடைய புள்ளி. எத்தனை பேர் என்று கோடு சொல்லும். யார் என்று அது சொல்வதில்லை.

"அது... ஆளில்லாத புள்ளிடா!"

"என்ன சேர் கதைக்கிறீங்க? இப்பதானே தலையால தண்ணி வடிய வந்து திறப்ப எடுத்துப் போறா. மாப்புள வந்தா ஊட்டுக்கு வெளியால நிக்கச் சொன்னா."