ஒரு மாடிப்படியும் ஒன்பது நீதிபதிகளும்

முதலில் நடந்த அநியாயங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை மாறினால் மனு செல்லாது என்று எனக்கு முப்பது வருடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒன்று: எங்கள் தெருவில் துணி தேய்க்கும் அக்காவின் வீட்டுக்கு வெளிப்புறமாக மாடிப்படி கட்ட நகராட்சி அனுமதி கொடுத்தது. இரண்டு: தெருவை வரைபடத்தில் மட்டும் நான்கடி கூடுதலாக அகலமாக்கியது. மூன்று: படி தெருவுக்குள் நுழைந்துவிட்டதாக நோட்டீஸ் ஒட்டியது. நான்கு: இடித்தது. ஐந்து: மாடியில் கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் கணவரை இறக்கிவிட்டு இடிக்க மறந்தது. அவருக்கு ஒரு கால் வராது; ஏணியில் இறங்க முடியாது. அன்றிலிருந்து சாப்பாடு கயிற்றில் ஏறுகிறது, கடிகாரங்கள் கயிற்றில் இறங்குகின்றன.

மூன்று நீதிமன்றங்கள் நகராட்சி செய்தது சரி என்றன. நான் தலைவராக இருக்கும் எங்கள் தெருச் சங்கம் அக்காவை உச்ச நீதிமன்றத்துக்கு அழைத்துப் போனது.

மனு வாங்கும் எழுத்தர் கம்பிக்குப் பின்னாலிருந்து விளக்கினார். "வருஷத்துக்கு ஏழாயிரம் மனு வருதும்மா. அறுபது எடுப்போம். ஒன்பது நீதிபதியில நாலு பேராவது ஆசைப்படணும்."

"எதைப் பாத்து ஆசைப்படுவாங்க?"

"கருத்து வேறுபாட்டை. உங்களுக்கு மூணு கோர்ட்டும் ஒரே தீர்ப்புதானே?"

"மூணும் தப்புங்க."

"ஒரே மாதிரி தப்பு! குழப்பமே இல்லாத இடத்துல நாங்க எப்படி நுழையறது?"

எட்டு மாதம் கழித்து ஒருவரிப் பதில் வந்தது. மனு ஏற்கப்படவில்லை, இதனால் தீர்ப்பு சரி என்றோ தவறு என்றோ கொள்ளலாகாது. அக்கா அதைக் கணவருக்கு உரக்கப் படித்துக் காட்டினாள்.

"அப்ப நான் இறங்கலாமா, கூடாதா?" என்று ஜன்னலிலிருந்து கேட்டார்.

"எப்படியும் கொள்ளக்கூடாதாம்."

யோசனை சொன்னது நான்தான். அக்காவின் தம்பி வேறு மாகாணத்தில் மாடியில் சலூன் வைத்திருக்கிறார். அதே மாதிரி வெளிப்படி.

"தம்பி, நீ ஒரு வழக்குப் போட்டு ஜெயிச்சுடு."

"என் படியை யாரும் இடிக்கலையேண்ணே?"

"இடிச்சுடுவாங்கன்னு பயம்னு போடு."

போட்டார், ஜெயித்தார். படியில்லாத மாடி பரண்தான் என்று அந்த ஊர் நீதிபதி எழுதினார். நாட்டில் முறைப்படி குழப்பம் பிறந்தது. புது மனுவோடு போனோம். எழுத்தர் எழுந்து நின்று அக்காவை வணங்கினார். "இப்பத்தாம்மா உங்க வழக்குக்கு உயிர் வந்திருக்கு!"

விசாரணைக்கு அரை மணி நேரம் ஒதுக்கினார்கள். படி அந்தரத்தில் மிதந்தால் அது தெருவில் நிற்பதாகுமா என்று ஒரு நீதிபதி கேட்டார். வழிப்போக்கர் மூன்றாம் படியில் தூங்கினால் அவர் தூங்குவது தெருவிலா, மாடியிலா என்று இன்னொருவர் கேட்டார்.

"கனம் நீதிபதிகளே, மேலே ஒரு மனிதர் இருக்கிறார்," என்றார் எங்கள் வக்கீல்.

"அது சம்பவம், வக்கீலே. இங்கே சட்டம் பேசுகிறோம்."

தீர்ப்பு முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். காரணங்களில் ஒன்பது பேரும் ஒன்பது பக்கம் போனார்கள். ஒன்றில் மட்டும் ஒன்றுபட்டார்கள். அக்காவுக்கு இல்லாத படி தம்பிக்கு இருப்பது சமத்துவத்துக்கு விரோதம். ஆகவே தம்பியின் படியும், நாட்டிலுள்ள இன்ன பிற வெளிப்படிகளும் அகற்றப்படுக.

தம்பி சவரக் கத்தியும் கண்ணாடியுமாக வந்து சேர்ந்தார். "நான் ஜெயிச்சேனேக்கா!"

"அதான்டா நீ செஞ்ச தப்பு."

ஆனாலும் எங்கள் மனு ஒன்று ஏற்கப்பட்டது சங்க வரலாற்றில் அதுவே முதல் முறை. பெருமையை விட மனமில்லை. எதிர்வரிசையில் வெளிப்படி ஏறிப் போகும் மாடியிலுள்ள சங்க அலுவலகத்தில் பாராட்டுக் கூட்டம் போட்டோம். தலைமையுரையில் நான் "வெற்றி" என்று ஆரம்பித்தபோது கீழே கடப்பாரைச் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தேன். நீதிமன்ற அமீனா நின்றிருந்தார். அறிவிப்பை வாசிக்கச் சட்டப்படி இரண்டு சாட்சிகள் வேண்டும். கூட்டத்துக்கு வராமல் கீழே நின்றவர்கள் அக்காவும் தம்பியும்தான்.

"அண்ணே, நாங்க கையெழுத்துப் போடலேன்னா கோர்ட்டு அவமதிப்பாம். போட்டுடட்டுமா?" என்று அக்கா கேட்டாள்.

"போடும்மா, போடு," என்றார் எதிர் ஜன்னலிலிருந்து அவள் கணவர். "எனக்கும் பேச்சுத் துணை ஆச்சு."

அமீனா தொண்டையைச் செருமிக்கொண்டு, சாட்சிகள் இருவர் முன்னிலையில், படியின் பொறுப்பாளர் பெயரைத் தகப்பனார் பெயரோடு சேர்த்துத் தெருவுக்கே கேட்க வாசித்தார். என் பெயர்.