ஒருநாள் ஒப்பரேஷனும் சஹர் சோறும்

கல்முனை
12.03.1982, வெள்ளி

அன்புத் தம்பி மக்கீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாயன் கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். சவூதியில் தம்மாம் வெயிலில் நீயும் சுகமாயிருக்க ஐந்து நேரமும் துஆச் செய்கிறோம். சுகம் என்று எழுதியது பழக்கத்தில். இந்தக் கடிதம் என் முதுகுக் கட்டியைப் பற்றியது.

தேசிக்காய் அளவில் இருந்த அந்தக் கட்டி இப்போது தோடம்பழம் அளவுக்கு வந்துவிட்டது. பள்ளிவாசலில் பின்வரிசைக்காரர்கள் அதைப் பார்த்தபடிதான் தொழுகிறார்கள். புதிதாக வந்த டொக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "புதன்கிழமை காலையில வாங்க. மயக்க மருந்து தந்து எடுத்திருவம். பின்னேரமே வீட்ட போகலாம்" என்றார். பின்னேரமே! தலைமயிர் வெட்டவா போகிறேன்? தாதி தங்கேஸ்வரி வேறு சட்டம் படித்தாள்: வெறும் வயிற்றோடு வரவேண்டும், மோதிரம் கழற்றவேண்டும், வெற்றிலை கூடாது, கூட ஓர் ஆள் போதும், வீடு போனபிறகு சைக்கிள் தொடக்கூடாது.

வாப்பாவுக்குக் குடலிறக்க ஒப்பரேஷன் செய்தது நினைவிருக்கிறதா? பதினான்கு நாள்! நாம் இருவரும் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்தோம். உம்மா வார்ட்டுக்குப் பின்னால் அடுப்பு மூட்டித் தேத்தண்ணி போட்டா. பக்கத்துக் கட்டில் பாண்டிருப்புச் சாமித்தம்பி அண்ணனும் வாப்பாவும் விதைநெல்லைப் பற்றி ஒவ்வொரு நாளும் சண்டை பிடித்து, ஒவ்வொரு நாளும் ஒரே சட்டியில் மீன்குழம்பு பங்குபோட்டார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டிய அன்று இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அப்படி ஒரு சந்தோஷமான இரண்டு கிழமை நம் குடும்பத்துக்குப் பிறகு வரவேயில்லை.

அந்த நினைப்பில்தான் புதன்கிழமை ஒரு வேன் பிடித்துப் பதினொரு பேர் போனோம், பாய், தலையணை, கேத்தல், அரிசி எல்லாவற்றோடும். வாசல் காவலாளி நாங்கள் வீடு மாறி வருகிறோம் என்று நினைத்தான். அதுவாவது பரவாயில்லை. என் பெண்சாதி, உன் மச்சி ஸகியா செய்த வேலையைக் கேள். வெறும் வயிறு என்றால் நோன்புதானே என்று, விடியச் சுபஹு பாங்குக்கு முன் என்னை எழுப்பிச் சஹர் சோறும் தயிரும் வாழைப்பழமும் தந்துவிட்டாள்! நானும் நோன்புக்கு நிய்யத் வைத்துக்கொண்டு போய் இருந்தேன்.

"காக்கா, கடைசியா எப்ப சாப்பிட்ட நீங்க?" என்று தங்கேஸ்வரி கேட்டாள்.

"சஹருக்குத்தான் பிள்ள" என்று உள்ளதைச் சொன்னேன்.

"ஐயோ, ஆரு சோறு குடுத்த?"

டொக்டர் கையுறையைக் கழற்றி எறிந்தார். ஒன்பதரைக்கு வீட்டில் நிற்கிறேன். பின்னேரம் சீனிமுகம்மது மச்சான் தோடம்பழப் பையோடு நோயாளி பார்க்க வந்தார். கட்டி இருந்த இடத்தில் இருப்பதைக் கண்டு பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த புதன் கொண்டுவருவாராம். ஒரு பெண்பிள்ளையின் விளக்கக் குறைவால் உன் காக்காவுக்கு வந்த கதியைப் பார்த்தாயா?

வேறு விசேஷமில்லை. உன் உழைப்பிலும் உடம்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. கூட இருப்பவர்களுக்கும் என் ஸலாம்.

உன் காக்கா,
அபுல் ஹஸன்

பி.கு: ஸகியாவைப் பற்றி எழுதியது பொய். இரவு பத்து மணிக்குப் பிறகு தண்ணீரும் தொடக்கூடாது, மயக்கத்தில் சத்தி வந்து மூச்சுக்குழாயில் போனால் உயிருக்கே ஆபத்து என்று தாதி தெளிவாகத்தான் சொன்னாள். ஸகியாவும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளை எழுப்பிச் சோறு கேட்டது நான். மயங்கினால் கண் விழிக்கமாட்டேன் என்ற பயம், தம்பி. "திண்டா வெட்ட மாட்டாங்களே" என்றாள். "ஓம்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோறு போட்டாள். ஆஸ்பத்திரியில் தாதி ஏசியபோதும், "நான்தான் குடுத்த, எனக்கு விளங்கல்ல" என்று தலையைக் குனிந்தாள். இப்போது ஊரே அவளைப் பார்த்துச் சிரிக்கிறது. ஒருத்தரிடமும் அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. வருகிற புதன் அவளை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறேன். "இந்த முறை நான் கேட்டாலும் சோறு தராத" என்று நேற்றுச் சொன்னேன். "நீங்க கேட்டா நான் தருவன்" என்கிறாள். இனி எப்படியடா கேட்பது?