நகராட்சி கோடு போடக் கற்ற வரலாறு

ஒகிநாமி நகராட்சியின் சாலைப் பராமரிப்புப் பிரிவில் பணிபுரியும் பதினான்கு பேருக்கும் கோடு போடத் தெரியாது என்பது சென்ற இலையுதிர் காலத்தில்தான் முறைப்படி கண்டறியப்பட்டது. அதற்கு முன் முப்பது ஆண்டுகளாக அவர்கள் ஊர்ச் சாலைகளில் கோடு போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். தெரியாமல் செய்த பிழை என்பதால் யாரும் தண்டிக்கப்படவில்லை.

கண்டறிந்தவர் டோக்கியோவிலிருந்து வந்த வடிவமைப்பு ஆலோசகர் ஹிபினோ. பக்கத்து ஊர் நகராட்சி ஓர் ஆலோசகரை வைத்துக்கொண்ட பிறகு, ஒகிநாமி வைத்துக்கொள்ளாமல் இருப்பது மானக்கேடாகிவிட்டது. ஹிபினோ கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றினார். "இங்க எல்லாம் இருக்கு, அடிப்படைதான் இல்ல" என்றார். மறுவாரமே சுற்றறிக்கை வந்தது. புதன்கிழமை பிற்பகல்தோறும் பிரிவு ஊழியர் அனைவரும் இருபரிமாணக் கலையின் அடிப்படைகளைக் கற்க வேண்டும். புள்ளி மூன்று மாதம், கோடு மூன்று மாதம், தளம் மூன்று மாதம். பாடம் முடியாத எந்த வடிவத்தையும் எவரும் பொதுச்சாலையில் கையாளலாகாது.

இதில் நேரடியாக அடிபட்டவள் சோயாப் பால்கட்டியான டோஃபு விற்கும் ஹிசாயோ. அவள் கடை ஒரு வளைவில் இருக்கிறது. அங்கே நடைபாதை கிடையாது. வண்டிக்கும் மனிதருக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது, அதுவும் தேய்ந்துவிட்டது. காலையில் பள்ளிப் பிள்ளைகள் மஞ்சள் தொப்பியோடு வரிசையாக அந்த வளைவில்தான் போவார்கள். ஒருநாள் ஒரு சரக்கு வேன் ஒரு சிறுமியின் புத்தகப்பையை உரசிக்கொண்டு போனது. பைதான் கிழிந்தது என்று தெருவே ஆறுதல் அடைந்தது. ஹிசாயோ அடையவில்லை. மீன் டப்பாத் தொழிற்சாலையில் சங்கம் கட்டியவள் அவள். வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கி, நாற்பது மீட்டர் கோட்டுக்கு மனு கொடுத்தாள்.

மனுவை வாங்கிய எழுத்தர் நெசு நல்லவன். வாரம் இரண்டு முறை அவளிடம் டோஃபு வாங்குகிறவன்.

"தம்பி, என் கோடு எப்ப வரும்?"

"நாங்க இன்னும் புள்ளியே முடிக்கலயே அக்கா."

"முப்பது வருஷமா நீங்கதானடா போட்டீங்க?"

"அப்ப அடிப்படை தெரியாமப் போட்டோம்."

"தெரியாமப் போட்ட கோட்டுக்கு வண்டிக்காரன் ஒதுங்கித்தானே போனான்?"

"அவனுக்கும் அடிப்படை தெரியாதுக்கா."

புள்ளிப் பாடம் முடிந்தது. சாலைக் குழிகள் புள்ளி வகையைச் சேர்ந்தவை என்று ஹிபினோ தீர்ப்பளித்ததால், அவற்றை அடைக்க அனுமதி கிடைத்தது. ஆனால் அஞ்சலகத்துக்கு எதிரே வரிசையாக இருந்த மூன்று குழிகளில் நடுக்குழியை மட்டுமே அடைத்தார்கள். மூன்றையும் அடைத்தால் கோடு ஆகிவிடும்.

கோட்டுப் பாடம் தொடங்கிய புதன்கிழமை ஹிசாயோ கடையைப் பூட்டிவிட்டு நகராட்சிக் கூடத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு எல்லாரும் ஒரு தயங்குற கோடு போடுங்க" என்றார் ஹிபினோ.

மற்றப் பதின்மூன்று பேரும் பிரிவுத் தலைவர் கமோ போடும்வரை காத்திருந்தார்கள். கமோவின் பென்சில் தாளைத் தாண்டி மேசைமேல் ஓடி நின்றது.

"அடடா! எல்லையை மீறுற துணிச்சல்!" என்றார் ஹிபினோ.

பதின்மூன்று பேரும் உடனே துணிந்து மேசையில் கோடு போட்டார்கள்.

ஹிசாயோ எழுந்தாள். "ஐயா, மேசைமேல போட்டதையெல்லாம் சேர்த்து என் வளைவுல போட்டிருந்தா பாதி வேலை முடிஞ்சிருக்குமே?"

"அம்மா, இது பயிற்சி. நீங்க கேக்கறது வேலை" என்றார் கமோ, மிகுந்த பொறுமையுடன். "ரெண்டையும் கலக்கப்படாது."

அந்தக் கூடத்தில் உண்மையிலேயே பாடம் கற்றவன் ஒருவன்தான். நெசு. நிமிர்ந்த வடிவம் உறுதியைக் காட்டும், சாய்ந்த வடிவம் பார்ப்பவரை அலைக்கழிக்கும், கட்டத்துக்குள் உள்ள பொருள் நான்கு பக்கமும் சம இடம் விட்டு நிற்க வேண்டும் என்றெல்லாம் அவன் இரவல் புத்தகம் வாங்கி வேறு படித்தான். அதுதான் வினையாயிற்று.

கோட்டுப் பாடம் முடிந்த மறுநாள் ஹிசாயோவின் கோப்பு மேலே போனது. கோப்பின் தலைப்பில் ஆறு சிறு கட்டங்கள் உண்டு. இடக்கோடிக் கட்டம் பிரிவுத் தலைவருக்கு, வலக்கோடி எழுத்தருக்கு. பதவியில் கீழே உள்ளவர், கையெழுத்துக்குப் பதிலான தம் பெயர் முத்திரையை இடப்பக்கமாகச் சற்றுச் சாய்த்துக் குத்துவது அந்த அலுவலகத்தின் வழக்கம். அப்போதுதான் முத்திரையும் மேலதிகாரிக்குக் குனிந்து வணங்கியதாக ஆகும். நெசு தன் முத்திரையைக் கட்டத்தின் நட்ட நடுவில், தூண் போல நிமிர்த்திக் குத்தியிருந்தான்.

கோப்பு பத்தொன்பது நாள் கமோவின் மேசையில் கிடந்தது. பிறகு அவனைக் கூப்பிட்டார்.

"என்னப்பா இது, உன் பேரு என் முன்னால நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்குது?"

"ஐயா, சமநிலைன்னு பாடத்துல சொன்னாங்களே."

கமோ ஹிபினோவைப் பார்த்தார். ஹிபினோ கோப்பைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "தலைவர் சொல்றது சரிதான். இந்தத் தாள்ல கனம் முழுக்க இடது பக்கம் இருக்கு. வலது பக்கம் தன்னால சாயணும். சாயலைன்னா கலைப்படி தப்பு."

நெசு குப்பை தரம் பிரிக்கும் பிரிவுக்கு மாற்றப்பட்டான். ஒழுங்கற்ற முத்திரை விழுந்த கோப்பு தள்ளுபடி ஆனது. மனுவைப் புதிதாகத் தரும்படி ஹிசாயோவுக்குக் கடிதம் வந்தது. கடிதத்தின் ஓரத்தில் அழகான தயங்குகிற கோடு ஒன்று அச்சிடப்பட்டிருந்தது.

அவள் அதைப் படித்துவிட்டு, பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரி தொமொயேவிடம் போனாள். "உங்கிட்ட நீளக் கயிறு இருக்கா?"

"எதுக்கு? யாரையாவது தூக்குல போடப் போறியா?"

"அதுக்கும் மனு கேப்பானுங்க. கோடு போடப் போறேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கு, ஊரே பார்க்க, தெருக்காரர்கள் கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள். ஹிசாயோ வெள்ளைப் பெயின்ட் வாளியோடு குனிந்தபடியே நாற்பது மீட்டரும் நடந்தாள். தொமொயே தும்மிய இடத்தில் கோடு கொஞ்சம் நெளிந்தது. மற்றபடி நல்ல கோடு. சாயங்காலம் வேன்கள் ஒதுங்கிப் போயின. பிள்ளைகள் கோட்டுக்கு உள்ளே நடந்து வீடு திரும்பினார்கள்.

மூன்றாம் நாள் கமோ அபராத அறிவிப்போடு வந்தார். கூடவே வந்த ஹிபினோ தும்மல் நெளிவின் முன் மண்டியிட்டுவிட்டார்.

"இந்த நடுக்கத்தைப் பாருங்க! இது கத்துக்கிட்டு வர்றதில்ல!"

கமோ அறிவிப்பை மடித்துப் பைக்குள் வைத்தார். "எங்க பயிற்சி ஊழியர்களைத் தாண்டிப் பொதுமக்களையும் போய்ச் சேர்ந்திருக்கு" என்று அறிவித்தார். கோட்டுக்கு நகராட்சியின் முதல் பரிசு வழங்கப்பட்டது. பரிசு பெற்ற படைப்பை வண்டிகள் மிதிக்க விடலாமா? வாள்போல் அறுக்கும் இயந்திரம் வந்தது.

"ஐயா, அது ரோட்டுல இருந்தாத்தான் கோடு!" என்று குறுக்கே நின்றாள் ஹிசாயோ.

"ரோட்டுல இருந்தா யாரும் அதைப் பாக்க மாட்டாங்கம்மா" என்றார் கமோ. "வண்டிதான் ஓட்டுவாங்க."

ஓர் அடி அகலத்துக்குத் தாரோடு பெயர்த்து, நகராட்சிக் கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். வளைவில் நாற்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு பள்ளம் மிஞ்சியது.

அந்தப் பள்ளம் செய்த நன்மையை எந்தக் கோடும் செய்ததில்லை. சக்கரம் இறங்கிவிடுமே என்று பயந்து வேன்கள் நத்தை வேகத்தில், எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டிப் போயின. பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். "யாரும் வாயைத் திறக்காதீங்க" என்று ஹிசாயோ தெருவுக்கே கட்டளை போட்டாள்.

ஆனால் கோடு பிறந்த இடத்தைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கினார்கள். தொமொயே வந்தவர்கள் தலையில் 'கோட்டு வகிடு' எடுத்துவிட்டாள். ஹிசாயோ டோஃபுவை விரல் நீளத்துக்கு மெல்லிசாக அறுத்து 'கோட்டு டோஃபு' என்று வைத்தாள். முதல் நாளே பதினோரு மணிக்குத் தீர்ந்துபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, குதிகால் செருப்புப் போட்ட ஒசாகாப் பெண்கள் ஒரு பஸ் நிறைய வந்து, பள்ளத்தைத் தாண்ட முடியாமல் எதிர்ப்பக்கமே நின்று படம் எடுத்துக்கொண்டு, எதுவும் வாங்காமல் போய்விட்டார்கள்.

அன்று மாலை தொமொயே ஒரு மனுவைக் கொண்டுவந்தாள். பள்ளத்தை மூட வேண்டும் என்று தெருவே கையெழுத்துப் போட்டிருந்தது.

"பிள்ளைங்க?" என்றாள் ஹிசாயோ.

"மூடினதும் மறுபடி கோடு கேப்போம். போடாமலா இருப்பாங்க?"

ஹிசாயோ விற்காத டோஃபுவைப் பார்த்தாள். பேனாவை வாங்கினாள்.

ஒகிநாமி வரலாற்றிலேயே இல்லாத அதிசயமாக, மூன்றே நாளில் வேலை முடிந்தது. தளப் பாடம் அப்போதுதான் நிறைவுற்றிருந்தது. வளைவு முழுவதையும் புதுத் தாரால் மெழுகி, பளிங்குபோல் ஆக்கினார்கள். புதிய கோடு பற்றித் தொமொயே கேட்டதற்கு, பயிற்சித் திட்டம் முடிந்துவிட்டது என்றும், ஹிபினோ ஊர் திரும்பிவிட்டார் என்றும், இந்த ஆண்டு வேறு ஆலோசகர் வந்து ஊழியர்களுக்கு நறுமணம் கற்பிக்கிறார் என்றும் கமோ விளக்கினார். பிறகு திறப்பு விழாக் கத்தரிக்கோலை ஹிசாயோவிடம் நீட்டினார். அவள் நாடாவை வெட்டினாள். தெருவே கைதட்டியது.

அப்போது வளைவில் திரும்பிய சரக்கு வேன்காரன், அந்தக் கைதட்டல் தனக்குத்தான் என்று நினைத்து, ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினான்.